தலை உதறும் குதிரைக்கு மூக்கு வலை: அரைவலையா, முழுவலையா?

பெருநடையில் (டிராட் எனும் மிதமான ஓட்டத்தில்) போய்க்கொண்டிருக்கும் குதிரை, மூக்குக்குள் தேனீ புகுந்துவிட்டதுபோல, திடீரெனத் தலையை மேலும் கீழுமாக வெட்டி உதறும். செருமும், தும்மும். நின்று மூக்கை முன்னங்காலில் வைத்துத் தேய்க்கும். சில குதிரைகள் முன்னங்காலைத் தூக்கித் தம் முகத்தையே அடித்துக்கொள்ளும். நிழலைத் தேடிப் போய்த் தலையை ஒளித்துக்கொள்வதும், பக்கத்துக் குதிரையின் வாலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்வதும் உண்டு. இது சேட்டை அல்ல, வலி. இதற்கென்று பிரிட்டனின் குதிரைச் சாமான் கடைகளில் விற்கும் பொருட்களில் முதலில் வாங்க வேண்டியது மூக்கு வலைதான், அதாவது மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டையில் மாட்டும் மெல்லிய வலைத்துணி. அதிலும் நாசித்துளைகளையும் மேலுதட்டையும் மட்டும் மூடும் அரைவலை. மருத்துவர் ஒருமுறை லாயத்துக்கு வந்துபோகும் கட்டணத்தைவிட விலை குறைவு, சரியாகப் பொருத்தினால் பக்கவிளைவு இல்லை, பலன் உண்டா இல்லையா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். ஆனால் மருத்துவரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட அது ஒரு சாக்காகிவிடக் கூடாது. வலையால் எல்லாக் குதிரைக்கும் குணம் தெரியாது. குணம் தெரிந்த குதிரைகளிலும் பலவற்றுக்கு உதறல் குறையுமே தவிர நிற்காது.

இந்த நோயில் கோளாறு இருப்பது முகத்தின் உணர்வு நரம்பில். முக்கிளை நரம்பு என்று இதைச் சொல்வார்கள். அதன் ஒரு கிளை கண்ணுக்குக் கீழே எலும்புத் துளை வழியாக வெளிவந்து மூக்குக்கும் மேலுதட்டுக்கும் பரவுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குதிரைகளின் இந்த நரம்பைத் தூண்ட 10 மில்லிஆம்பியருக்குக் குறையாமல் மின்னோட்டம் தேவைப்பட்டது. தலை உதறும் குதிரைகளுக்கு 5 மில்லிஆம்பியரோ அதற்கும் குறைவோ போதுமாக இருந்தது. நோய் ஓய்ந்திருந்த பருவத்தில் சோதித்தபோது நரம்பு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. நரம்பை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் சிதைவு எதுவும் தென்படுவதில்லை. ஆக, நரம்பு கெட்டுப்போகவில்லை, அளவுக்கு மீறிக் கூசுகிறது. காற்று, தூசி, மகரந்தம், வெயில், மழைத்துளி என்று எது பட்டாலும் அது குதிரைக்குச் சுரீரென்று எரிகிறது அல்லது மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறது என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். மனிதருக்கு வரும் முகநரம்பு வலியோடு இதை ஒப்பிடுவதும் அதனால்தான். நடுவயதில் தொடங்குவதும், காயடித்த ஆண் குதிரைகளில் கூடுதலாகக் காணப்படுவதும், பெரும்பாலும் வசந்தத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் அடங்குவதும் இதன் வழக்கம்.

இது அபூர்வ நோயும் அல்ல. 2018-இல் வெளியான பிரிட்டன் கணக்கெடுப்பில் ஆயிரத்துச் சொச்சம் குதிரை உரிமையாளர்களிடம் கேட்டார்கள். முந்தைய ஓராண்டில் தம் குதிரை தலை உதறியதாகச் சொன்னவர்கள் 4.6 சதவீதம். குதிரை தலை உதறியதாகச் சொன்னவர்களில் மருத்துவரிடம் காட்டியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் கடையில் கிடைத்ததை வாங்கித் தாமாகச் சமாளித்திருப்பார்கள். அப்படி வாங்குபவர்களுக்காகவே வலையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வலை காற்றை வடிகட்டுகிறது, மகரந்தத்தைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கண்கள் அதற்குப் போதுமான அளவு சிறியவை அல்ல. மகரந்தத் துகள் தாராளமாக உள்ளே போகும். மேலுதட்டின் மீதும் நாசித்துளை ஓரத்திலும் வலை ஓயாமல் மெல்ல உரசிக்கொண்டிருப்பதுதான் வேலை செய்கிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். முழங்காலை இடித்துக்கொண்டால் கையால் தேய்த்துவிடுகிறோம் அல்லவா, அதே கணக்கு. தொடு உணர்வு இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தால் வலிச் செய்தி மூளையை எட்டுவது மட்டுப்படும். வலையைப் பொருத்தும்போது மனதில் வைக்க வேண்டியது இதுதான். மூக்கைத் தொடாமல் விறைத்து நிற்கும் வலையால் பயனில்லை. மூக்கை அழுத்தும் வலை தொல்லை தரும்.

மூக்கு வலையை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் டெய்லரும் 36 குதிரைகளில் மூன்று வகை வலைகளை மாட்டிப் பார்த்து 2003-இல் வெளியிட்டது. ஏறத்தாழ நான்கில் மூன்று உரிமையாளர்கள் ஏதோ ஒரு முன்னேற்றத்தைக் கண்டார்கள். உதறல் பெருமளவு, அதாவது எழுபது சதவீதம் அல்லது அதற்கு மேல், குறைந்த குதிரைகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். முழுவலை அரைவலையை விஞ்சவும் இல்லை. வலையின் உறையில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதி எதுவானாலும், எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு வகைகளையும் பார்ப்போம். அரைவலை மூக்குப்பட்டையின் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை பொருந்தி, முன்பக்கம் திரைபோலத் தொங்கி, நாசித்துளைகளையும் மேலுதட்டையும் மட்டும் மூடுகிறது. வாய்க்கோ கடிவாள இரும்புக்கோ அது குறுக்கே வருவதில்லை. முழுவலை பைபோல முகவாய் முழுவதையும் உள்ளே வாங்கிக்கொண்டு தாடைக்கு அடியிலும் சுற்றி வருகிறது. பார்வைக்கு முழுவலை உறுதியாகத் தெரியும், அதிகம் மூடுவதால் அதிகம் உதவும் என்றும் தோன்றும். நடைமுறையில் அதில் மூன்று சிக்கல்கள். வாயிலிருந்து வடியும் நுரை பையின் அடியில் தேங்கி வலையைக் கனக்கச் செய்யும். கடிவாள இரும்பின் வளையத்துக்கும் உதட்டோரத்துக்கும் நடுவே துணி மடிந்து மாட்டிக்கொண்டால் வாயோரம் புண்ணாகும். முன்னங்காலால் முகத்தை அடித்துக்கொள்ளும் பழக்கமுள்ள குதிரைக்கு லாடத்தின் முனை பையில் சிக்கக்கூடும். இந்த மூன்றாவது ஆபத்து ஒன்றுக்காகவே, முகத்தை அடித்துக்கொள்ளும் குதிரைக்கு முழுவலையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அரைவலை காற்றில் மேலே சுருண்டுகொள்ளும், அல்லது குதிரை உதட்டைச் சுழித்து அதை ஒதுக்கிவிடும் என்றால் மட்டும் முழுவலைக்குப் போகலாம்.

பொருத்துவது சாதாரண ஒற்றை மூக்குப்பட்டையில் எளிது. கன்ன எலும்பு முகட்டின் முனைக்கு இரண்டு விரல் கீழே பட்டை இருக்கட்டும். மூக்கெலும்பின் மேல் பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். வலையின் வெல்க்ரோ நாக்குகளைப் பட்டையைச் சுற்றி மடித்து ஒட்டும்போது சொரசொரப்பான பக்கம் தோலைப் பார்க்காமல் பாருங்கள். அரை சென்டிமீட்டர் வெல்க்ரோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒரு மணி நேரச் சவாரியில் முடி உதிர்ந்து தோல் சிவந்துவிடும். வலையின் கீழ் விளிம்பு மேலுதட்டின் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தொங்கினால் சரி. பட்டையைத் தாழ்த்திக் கட்டும் வகை மூக்குப்பட்டையில் வலை நாசித்துளைக்கு மிக அருகில் தொடங்குகிறது. தொங்குவதற்கு இடமில்லாமல், மூச்சை இழுக்கும்போதெல்லாம் துளையோடு ஒட்டிக்கொள்ளும். எட்டு வடிவில் குறுக்கே போகும் பட்டையிலும் வலை சரியாக உட்காராது. வலைக்காகச் சாதாரணப் பட்டைக்கு மாறுவதே நல்லது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உதறலை அடக்குவதற்காக மூக்குப்பட்டையை இறுக்காதீர்கள், தலையைத் தாழ்த்திப் பிடிக்கும் வார்களையும் கட்டாதீர்கள். வலிக்கும் முகத்தை அசையவிடாமல் கட்டிப்போடுவதுதான் அது. தப்பிக்க வழியில்லாத குதிரை பின்வாங்கும், அல்லது பின்னங்காலில் எழும்பும்.

முதல்முறை லாயத்துக்குள்ளேயே மாட்டிப் பத்து நிமிடம் விட்டுவையுங்கள். பெரும்பாலான குதிரைகள் இரண்டு மூன்று முறை உதட்டைச் சுழித்துவிட்டு மறந்துவிடும். அடுத்து, நீள்கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் சவாரி.

வலை உதவுகிறதா என்று எப்படி அறிவது? பலரும் தவறுவது இங்கேதான். இந்த நோய் நாளுக்கு நாள் மாறும். காற்றடித்த திங்கட்கிழமை சவாரியே செய்ய முடியாமல் படுத்தும், மூட்டமான புதன்கிழமை ஒன்றுமே இல்லாததுபோல் நடக்கும். புதன்கிழமை வலை மாட்டியவர் வலையைக் கொண்டாடுவார். இலையுதிர் காலத்தில் வாங்கியவருக்கு எதை வாங்கினாலும் பலித்துவிடும், ஏனென்றால் நோய் தானாகவே அடங்கும் பருவம் அது. ஆகவே, நோய் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் சோதியுங்கள். மூன்று நாள் வலை இல்லாமல், மூன்று நாள் வலையோடு, மறுபடி மூன்று நாள் வலை இல்லாமல், மறுபடி வலையோடு. ஒரே நேரம், ஒரே களம், ஒரே வேகம். நீள்கயிற்றில் ஐந்து நிமிடப் பெருநடையைக் கைபேசியில் படம் எடுத்து, உதறல்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வெயில், காற்று, மழை, பக்கத்து வயலில் பூத்திருக்கும் பயிர் ஆகியவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். வலையை மாட்டிவிட்டவர் அல்லாத இன்னொருவர் எண்ணினால் இன்னும் நம்பகம். காசு கொடுத்து வாங்கியவரின் கண்ணுக்கு முன்னேற்றம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

எண்ணிக்கையோடு மருத்துவர்கள் பயன்படுத்தும் தரநிலையையும் சேர்த்து எழுதினால் பிற்பாடு உதவும். உதறலே இல்லை என்றால் பூச்சியம். ஓடும்போது உதறினாலும் சவாரிக்கு இடைஞ்சல் இல்லை என்றால் ஒன்று. சவாரி முடியாது அல்லது ஆபத்து என்றால் இரண்டு. சும்மா நிற்கும்போதே உதறினால் மூன்று. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் அந்த வலை தன் விலைக்கு வேலை செய்துவிட்டது. இரண்டாம் நிலையில் இருக்கும் குதிரையைச் சாலையில் ஓட்டிப் போக வேண்டாம். கழுத்து மேலே வந்து முகத்தில் இடித்துச் சவாரி செய்பவரின் மூக்கு உடையலாம், கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் குதிரை தடுக்கி விழலாம். இரண்டு சுற்றுச் சோதனைக்குப் பிறகும் எண்ணிக்கையில் மாற்றம் இல்லையென்றால், அதைவிட விலையுயர்ந்த இன்னொரு வலையை வாங்குவதில் அர்த்தமில்லை. நிறுவனம் மாறினால் தையல் மாறும், தொடு உணர்வு அதேதான்.

பயன்படுத்தப் பயன்படுத்த என்னென்ன கெட்டுப்போகும்? முதலில் வெல்க்ரோ. வைக்கோல் துரும்பும் குதிரைமுடியும் அதன் கொக்கிகளில் அடைந்து, சில வாரங்களில் பிடிப்பு விட்டுப்போகும். பழைய பல்துலக்கியால் வாரம் ஒருமுறை கொக்கிகளைச் சுரண்டி எடுத்தால் ஆயுள் நீளும். இரண்டாவது, முழுவலையின் மீள்நாடா தளர்வது. தளர்ந்த வலை கீழே சரிந்து பற்களுக்கு இடையே போகும், குதிரை அதை மென்றுவிடும். மூன்றாவது ஈரம். மழையிலும், செருமும்போது தெறிக்கும் சளியிலும் நனைந்த வலை நாசித்துளையோடு ஒட்டிக்கொள்கிறது. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு மட்டும்தான் வழி. அதனால் வேகமாக ஓடும்போது ஈரவலை மூச்சுக்குத் தடையாகும். மழை பிடித்தால் நிறுத்திக் கழற்றி உதறிவிட்டு மாட்டுங்கள். கோடையில் இரண்டு வலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. நான்காவது, விளிம்புத் தையல் பிரிவது. பிரிந்த நூல் மூக்குக்குள் ஆடிக்கொண்டிருந்தால், உதறலை நிறுத்த வாங்கிய பொருளே உதறலைக் கிளப்பும். திடீரென்று வலை வேலை செய்யாமல் போனால் முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

வாங்குமுன் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறையை வெட்டி மூக்குப்பட்டையில் தைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஓரிரு நாள் காய்ந்த வானிலையில் பார்க்க அது போதும். நனைந்தால் வலையைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும், ஓடிக் கிழியும். நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேய்ச்சலில் விடும்போதும் உதறும் குதிரைக்கு, ஈ முகமூடியோடு மூக்குப் பகுதியும் சேர்த்துத் தைத்த வகை கிடைக்கிறது. அது வேலியில் மாட்டினால் கழன்றுவிட வேண்டும். இழுத்தால் அறுந்துபோகும் தலைப்பட்டையில் மட்டும் கட்டுங்கள். பயிற்சிக்கான முழுவலையோடு குதிரையை மேயவிடக் கூடாது, தண்ணீர்த் தொட்டியிலும் அது தொல்லை.

மூக்கு வலைக்கு அடுத்தபடியாக விற்பவை கண்ணை மறைக்கும் சவாரி முகமூடிகள். எல்லாத் தலை உதறும் குதிரைக்கும் வெளிச்சம் காரணமல்ல. சூரியனைப் பார்த்தால் சிலருக்குத் தும்மல் வருமே, அதுபோலக் கண்ணில் படும் ஒளி முகநரம்பைக் கிளறிவிடும் குதிரைகள் உண்டு என்பதை டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் மாடிகன் குழு 1995-இல் ஏழு குதிரைகளை வைத்து எழுதியது. உங்கள் குதிரை அந்த வகையா என்று செலவில்லாமல் அறியலாம். நண்பகலில் திறந்தவெளியிலும், அடுத்து கூரையிட்ட களத்திலும், பிறகு சூரியன் மறைந்தபின்னும் ஒரே வேலையைக் கொடுத்து எண்ணிப் பாருங்கள். இருட்டியதும் உதறல் வெகுவாகக் குறைந்தால் முகமூடி வாங்கலாம், இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம்பிடியுங்கள். வாங்கும்போது கண்ணுக்கு மேலே கூடாரம்போல மடிப்பு தைத்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். தட்டையான துணி இமைமுடியில் படும், கண் கலங்கும். அடர்ந்த துணி மாட்டிய குதிரைக்கு அந்திவெளிச்சத்தில் பள்ளமும் தடையும் தெரியாது. தாண்டுதலுக்கு அது வேண்டாம்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்போ, வாங்கிய அதே மாதத்திலோ, மருத்துவர் பார்த்தாக வேண்டும். பல்வேர்ச் சீழ், சைனஸ் சீழ், காதுச் சிற்றுண்ணி, கண் கோளாறு, தொண்டைக்கருகில் உள்ள காற்றுப்பைகளின் நோய், கழுத்து வலி, பொருந்தாத கடிவாளம் ஆகிய எதனாலும் குதிரை தலையை உதறலாம். இவற்றில் பலவற்றைக் குணப்படுத்த முடியும், வலை மாட்டினால் அவை குணமாகாமல் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். கடிவாளம் இல்லாமல் வெறும் தலைப்பட்டையில் ஓடவிட்டு உதறல் நின்றால் சந்தேகம் கடிவாளத்தின் மீதும் வாயின் மீதும் திரும்ப வேண்டும். ஒரே ஒரு நாசித்துளையில் நாற்றத்தோடு சளி வந்தால் அது பல்வேரோ சைனஸோ. ஈ மொய்க்கும் இடத்தில் மட்டும் என்றால் ஈதான். எதுவும் அகப்படாமல், உள்நோக்கியும் சிடி ஸ்கேனும் தெளிவாக இருந்து, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டதும் உதறல் நின்றால், முகநரம்புதான் காரணம் என்ற முடிவுக்கு மருத்துவர் வருவார்.

வலை போதாத குதிரைகளுக்கு அடுத்த படிகள் உண்டு. தோலுக்கு அடியில் மெல்லிய மின்முனையை நுழைத்து நரம்பைத் தூண்டும் சிகிச்சையை இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வெரோனிகா ராபர்ட்ஸ் குழு குதிரைகளுக்குக் கொண்டுவந்தது. நின்ற நிலையில், மயக்கமருந்து கொடுத்துச் செய்வார்கள். முதலில் மூன்று முறை. 2020-இல் வெளியான பல மருத்துவமனைகளின் தொகுப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்ட குதிரைகளுக்கு நோய் அடங்கியது. ஆனால் அது நிரந்தரமல்ல, பலவற்றுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பியது, மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. சைப்ரோஹெப்டடின், கார்பமசெபின், கபாபென்டின் போன்ற மருந்துகளில் சில குதிரைகளுக்கு நல்ல பலன், சிலவற்றுக்குத் தூக்கக்கலக்கம் மட்டுமே. போட்டிக்குப் போகும் குதிரைக்கு இவற்றைக் கொடுக்கும் முன் ஊக்கமருந்து விதிகளைப் பார்த்தே ஆக வேண்டும். தீவனத்தில் மக்னீசியம் சேர்ப்பதற்கு டேவிஸ் பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுகள் ஓரளவு ஆதரவாக இருக்கின்றன. அளவை மருத்துவரிடம் கேட்டு, ரத்தத்தில் மக்னீசியம் பார்த்துக்கொண்டு கொடுப்பதே முறை. நரம்பில் பிளாட்டினச் சுருள் வைத்து அழுத்தும் அறுவைச் சிகிச்சை கடைசிப் படி. நெடுநாள் பலன் ஏறத்தாழ பாதிக் குதிரைகளுக்குத்தான், அதன்பின் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட குதிரைகளும் உண்டு. நிற்கும்போதே, இரவும் பகலும், எதற்கும் அடங்காமல் உதறும் குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்வதும் உண்டு. அதை உரிமையாளரின் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது.

பிரிட்டனில் குதிரையின் நடை நேர்த்தியைப் பார்க்கும் டிரஸாஜ் போட்டிகளிலும், அதோடு தடைதாண்டலும் வெளிநில ஓட்டமும் சேர்ந்த ஈவென்டிங்கிலும் மூக்கு வலைக்கு அனுமதி உண்டு. எந்த வடிவம் என்பதை அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்து, தேவைப்பட்டால் நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு நாடுகளில் மருத்துவரின் கடிதம் கேட்கலாம்.

அளவு வாங்கும்போது குதிரையின் உயரத்தை நம்பாதீர்கள். அகன்ற முகவாய் கொண்ட குட்டையான குதிரைக்குப் பெரிய அளவும், ஒடுங்கிய முகம் கொண்ட உயரமான தரோபிரெட் இனப் பந்தயக் குதிரைக்கு நடுத்தர அளவும் பொருந்தும். மூக்குப்பட்டை உட்காரும் இடத்தில் சுற்றளவையும், அங்கிருந்து மேலுதட்டு நுனி வரை நீளத்தையும் நாடாவால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வெள்ளை மூக்குள்ள குதிரைக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் துணி எடுத்தால் வெயில்புண்ணும் தவிரும். துவைக்க வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பு முழுக்கப் போகும்வரை மூன்று முறை அலசி, நிழலில் காயவையுங்கள். கூசும் மூக்கின் மேல் சோப்பு மணம் ஏறிய வலையை மாட்டினால் அன்று முழுவதும் உதறலுக்குக் குறைவிருக்காது. சென்ற ஆண்டு உதறல் எந்த வாரம் தொடங்கியது என்று உங்கள் குறிப்பில் இருக்கும். இந்த ஆண்டு அதற்கு இரண்டு வாரம் முன்பே வலையை எடுத்து வெல்க்ரோவைச் சுத்தம் செய்து, தையலைப் பார்த்து, மூக்குப்பட்டையில் மாட்டித் தயாராக வையுங்கள்.